பனித்தரையில் ஒரு பைத்தியம்

ஹாக்கி என்றதும் உங்கள் மனக்கண்ணில் யார் வருவார்கள்? தயான்சந்த் வருவார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிக் கொடுத்த நம்ம பாஸ்கரன் வருவார். நீண்ட தலைமுடி பறக்க ஓடும் தன்ராஜ் பிள்ளை வருவார். நான் சொல்லப்போவது அந்த ஹாக்கி இல்லை நண்பர்களே! புல் இல்லாத, மண் இல்லாத, பந்தே இல்லாத ஹாக்கி. ஐஸ் ஹாக்கி!

"டேய், விடியக்காலை நாலரை மணிக்கு எவன்டா ஐஸ்ல மட்டை பிடிச்சு ஓடுறான்?" என்று போர்வைக்குள்ளிருந்து திட்டும் என் அறை நண்பனுக்கும், அவனைப் போலவே கேட்கும் மற்றவர்களுக்கும் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பைத்தியம் பிடித்த கதை

2023 ஏப்ரலில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து வீட்டில் சும்மா இருந்தேன். கனடாவில், டொரண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் என் பெரியம்மா மகன் லீவில் ஊருக்கு வந்திருந்தார். நம் தமிழ் மக்கள் ஏராளமாகக் குடியிருக்கும் பகுதி அது. ஏப்ரல் 30, ஞாயிறு விடியற்காலை. அண்ணன் இருட்டில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கும் டாம்பா பே அணிக்கும் ஆட்டம். 1-1 என்று நின்று, கூடுதல் நேரத்தில் ஜான் டவாரெஸ் ஒரு கோல் போட்டார். அவ்வளவுதான், அண்ணன் பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டார்!

"கப் ஜெயிச்சிட்டாங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"இல்லடா, முதல் சுற்று" என்றார்.

முதல் சுற்றுக்கா அழுகை? அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. 2004-க்குப் பிறகு அந்த அணி ஒரு சுற்றைக்கூடத் தாண்டியதில்லையாம். கடைசியாகக் கோப்பையை வென்றது 1967-ல்! அன்று பிடித்தது எனக்கு.

ஆட்டம் என்ன?

தளத்தின் நீளம் 200 அடி, அகலம் 85 அடி. மூலைகள் வளைவாக இருக்கும். சுற்றிலும் பலகைச் சுவர், அதன்மேல் கண்ணாடி. பந்துக்குப் பதில் 'பக்' என்னும் ரப்பர் வில்லை. விட்டம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை சுமார் 160 கிராம். ஆட்டத்துக்கு முன் இதை ஃப்ரீசரில் வைத்து உறைய வைப்பார்கள். இல்லாவிட்டால் ரப்பர் பந்து மாதிரி துள்ளும்.

ஒரு அணிக்குக் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஆட்டம் நடக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் களத்தில் இருப்பது ஒரு தடவைக்கு முக்கால் நிமிடம்தான். அதற்குள் மூச்சு வாங்கி, பெஞ்சுக்குத் தாவிவிடுவார். அடுத்தவர் குதிப்பார். நம்ம ஊர் சடுகுடு மாதிரி மூச்சுக் கணக்குதான்!

புதிதாகப் பார்ப்பவர்கள் மூன்று விஷயம் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, ஆஃப்சைடு. எதிரணிப் பக்கம் உள்ள நீலக்கோட்டைப் பக் தாண்டும் முன் நம் ஆள் தாண்டக் கூடாது. இரண்டு, ஐசிங். சொந்தப் பாதியிலிருந்து அடித்த பக் யார் மேலும் படாமல் எதிரணியின் கோல் கோட்டையும் தாண்டிப் போனால் ஆட்டத்தை நிறுத்தி, அடித்தவர் பக்கத்திலேயே மறுபடி தொடங்குவார்கள். "கஷ்டம் வந்தா தூக்கிப் போட்டுட்டு ஓடாதே" என்பதுதான் அதன் அர்த்தம். மூன்று, தண்டனை. காலைத் தட்டிவிட்டால், மட்டையால் இழுத்தால் 2 நிமிடம் தனிக் கூண்டில் உட்கார வேண்டும். அதுவரை எதிரணிக்கு ஒரு ஆள் அதிகம். அதுதான் பவர் ப்ளே. கிரிக்கெட் பவர் ப்ளேயைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சண்டை போடுவார்களே என்கிறீர்களா? போடுவார்கள். அதற்கு 5 நிமிடம் கூண்டு. ஆனால் ஏழு ஆட்டத் தொடர் முடிந்ததும், மூக்கு உடைந்தவனும் உடைத்தவனும் வரிசையில் நின்று கை குலுக்கிக்கொண்டு போவார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

நம்ம பாடம் அங்கே ஓடுகிறது!

மெக்கானிக்கல் நண்பர்களே, இது உங்களுக்கு. ஏப்ரல், மே மாத வெயிலில் ஃப்ளோரிடாவில் எப்படி ஐஸ் நிற்கிறது? தெர்மல் பாடத்தில் நாம் உருப்போட்ட அதே கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எவாபரேட்டர் சுழற்சிதான். பல அரங்குகளில் அமோனியாவால் உப்புக் கரைசலைப் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்விப்பார்கள். உப்பு கலந்திருப்பதால் அது உறையாது. கான்கிரீட் தளத்துக்குள் மைல் கணக்கில் புதைத்த குழாய்களில் அது ஓடும். அதன்மேல் தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளித்துத் தெளித்து உறைய வைப்பார்கள். அடியில் வெள்ளை பெயிண்ட், கோடுகள், மேலே மறுபடி தண்ணீர். மொத்தக் கனம் சுமார் ஒரு அங்குலம்தான்! அந்த ஒரு அங்குலத்தின் மேல்தான் அத்தனை பேரும் பாய்கிறார்கள்.

ஒவ்வொரு இடைவேளையிலும் கீறல் விழுந்த ஐஸைச் சரிசெய்ய ஒரு வண்டி வரும். பெயர் ஜாம்போனி. கலிபோர்னியாவில் ஐஸ் தொழில் செய்துவந்த ஃப்ராங்க் ஜாம்போனி 1949-ல் உருவாக்கியது. அதற்கு முன் பல பேர் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்த வேலையை இந்த வண்டி பத்து நிமிடத்தில் முடிக்கும். மேல் படலத்தைப் பிளேடால் சீவி, தூளை அள்ளி, கழுவி, பின்னால் தண்ணீர் விட்டுக்கொண்டே போகும். ஆச்சரியம் என்ன தெரியுமா? விடுவது வெந்நீர்! வெந்நீர் மேல் ஐஸைக் கொஞ்சம் இளக்கி ஒட்டிக்கொள்ளும். அதில் கரைந்திருக்கும் காற்றும் குறைவு. அதனால் ஐஸ் கெட்டியாக, கண்ணாடி மாதிரி வரும்.

மட்டையிலும் பாடம் உண்டு. வேகமாக அடிக்கும் 'ஸ்லாப் ஷாட்'டில் மட்டை நேராகப் பக்கில் படாது. பக்குக்குச் சற்று முன்னால் ஐஸில் மோதி வில்லாக வளையும். வளைந்ததில் சேர்ந்த சக்தி நிமிரும்போது பக்குக்குப் போகும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்த ஸ்ட்ரெய்ன் எனர்ஜி இதுதானப்பா! 2012-ல் ஒரு திறன் போட்டியில் ஸ்டெனோ சாரா அடித்த பக் மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் போனது. முகமூடி இல்லாமல் இதற்கு முன்னால் நிற்க முடியுமா? ரொம்ப காலம் நின்றார்கள்! 1959 நவம்பர் 1-ல் முகம் கிழிந்து தையல் போட்டுக்கொண்ட ஜாக் ப்ளான்ட், முகமூடி இல்லாமல் இனி இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து மாட்டிக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அது வழக்கமானது. ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி போடாமல் கிரைண்டிங் செய்யும் வீரர்கள் கவனிக்கவும்!

கோப்பையின் கதை

என்.எச்.எல். என்னும் தொழில்முறை அமைப்பு 1917 நவம்பரில் மான்ட்ரியாலில் தொடங்கியது. கனடாவிலும் அமெரிக்காவிலுமாக இப்போது 32 அணிகள். அக்டோபரில் தொடங்கும் பருவத்தில் ஒவ்வொரு அணிக்கும் பல ஆண்டுகளாக 82 ஆட்டங்கள். வென்றால் 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1, சாதாரண நேரத்தில் தோற்றால் முட்டை. பிறகு 16 அணிகள் நாக்-அவுட்டுக்குப் போகும். அங்கே ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். நான்கு வென்றால் அடுத்த சுற்று. ஆக, கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும். நாக்-அவுட்டில் சமன் என்பதே இல்லை. யாராவது கோல் போடும் வரை ஆட வேண்டியதுதான். 1936-ல் டெட்ராய்ட் அணியும் மான்ட்ரியால் மரூன்ஸ் அணியும் ஆறாவது கூடுதல் பகுதி வரை ஆடின. 116 நிமிடத்துக்கு மேல் கூடுதல் ஆட்டம்! முடிவு 1-0.

பரிசு ஸ்டான்லி கோப்பை. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-ல் கொடுத்தது. வென்ற வீரர்களின் பெயர்களை அதிலேயே செதுக்குவார்கள். ஆளுக்கு ஒரு நாள் கோப்பையைத் தங்கள் ஊருக்கு எடுத்துப் போகலாம். செதுக்கியவர்களும் மனிதர்கள்தானே, எழுத்துப் பிழைகளும் உண்டு. 1963-ல் வென்ற நம்ம 'லீஃப்ஸ்' பெயரில் ஒரு எழுத்தையே மாற்றிச் செதுக்கிவிட்டார்கள். டிராயிங் ஷீட்டில் பெயரைத் தப்பாக எழுதித் திட்டு வாங்கியவர்கள் ஆறுதல் அடையலாம்.

தோற்பதற்கென்றே ஒரு அணியா?

டொரண்டோவிடம் பணம் இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் சம்பளத் தகராறில் 2004-05 பருவம் முழுவதும் ரத்தாகி, அடுத்த பருவத்திலிருந்து ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குச் செலவழிக்க உச்சவரம்பு வந்துவிட்டது. காசை இறைத்துக் கோப்பையை வாங்க முடியாது. சரியான ஆட்களைக் கண்டுபிடித்து, வளர்த்து, சரியான நேரத்தில் ஒன்றாக ஆட வைக்க வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

ஏழாவது ஆட்டம் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2013-ல் பாஸ்டனுக்கு எதிராகக் கடைசிப் பகுதியில் 4-1 என்று முன்னிலை. தோற்றோம், 5-4! பிறகு 2018, 2019, 2021, 2022, எல்லாமே ஏழாவது ஆட்டத் தோல்விகள். 2024-ல் மறுபடி பாஸ்டனிடம், கூடுதல் நேரத்தில். 2025 மே மாதம் ஃப்ளோரிடாவிடம், சொந்த அரங்கிலேயே 6-1.

இதையெல்லாம் மிஞ்சியது 2020 பிப்ரவரி 22. அன்று டொரண்டோவுக்கு வந்த கரோலினா அணியின் இரண்டு கோல்கீப்பர்களுக்கும் அடி. அப்போதைய விதிப்படி அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவசரகால ஆளை இறக்கலாம். இறங்கியவர் டேவிட் ஏர்ஸ், வயது 42. ஐஸ் அரங்குப் பராமரிப்பு வேலை பார்த்தவர், ஜாம்போனி ஓட்டியவர், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர். வந்த முதல் இரண்டு ஷாட்டும் கோல். அதோடு சரி. பிறகு வந்த எட்டையும் தடுத்துவிட்டார். கரோலினா 6-3 என்று வென்றது. ஜாம்போனிக்காரரிடம் தோற்ற அணி என்று ஊரே சிரித்தது.

அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. என் அணி தோற்கிறது, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது! பம்பையும் கம்ப்ரசரையும் வண்டியையும் பார்த்துக்கொள்கிற ஆள், ஒரு நாள் ராத்திரி கூப்பிட்டபோது, தயாராக இருந்தார். டிப்ளமோ படிக்கிற நமக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஏன் விட முடியவில்லை?

2024-ல் பாஸ்டனிடம் தோற்றது நம்ம நேரப்படி மே 5, ஞாயிறு காலை. அந்த செமஸ்டரில் எனக்குக் கணக்கில் அரியர். "அந்தப் பாழாப்போன ஐஸ் ஆட்டத்தாலதான்" என்றார் அம்மா. உண்மையைச் சொன்னால், ஐஸ் ஆட்டம் இல்லாவிட்டாலும் விழுந்திருப்பேன். படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ரிசல்ட் வந்த அன்று அண்ணனுக்குப் போன் செய்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "அக்டோபர்ல எல்லா டீமும் பூஜ்யத்துலதான்டா ஆரம்பிக்கும்" என்றார். வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்த அக்டோபரில் லீஃப்ஸ் மறுபடி ஆரம்பித்தார்கள். நானும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். ஆட்டம் இருக்கும் நாட்களில் நாலரைக்கு எழுந்தால் அரை மணி ஆட்டம், பிறகு கணக்கு என்று எனக்கு நானே ஒரு ஐசிங் விதி போட்டுக்கொண்டேன். தாண்டினால் எனக்கே தண்டனை, மறுநாள் ஆட்டம் கிடையாது. அரியர் போய்விட்டது. லீஃப்ஸ் 2025-ல் ஒரு சுற்று தாண்டி, இரண்டாவது சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போய் விழுந்தார்கள். என் கணக்கில் அதுவும் முன்னேற்றம்தான்.

ஜெயிக்கிற அணியை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம். தோற்கும்போதும் கூட இருந்தால்தான், ஒரு முதல் சுற்று வெற்றிக்கு ஒரு பெரிய ஆம்பிளை ஏன் இருட்டில் உட்கார்ந்து அழுகிறான் என்பது புரியும். எனக்குப் புரிந்துவிட்டது. லீஃப்ஸ் ஒரு நாள் கோப்பையைத் தூக்கும்போது, நண்பர்களே, நீங்கள் எந்தக் கம்பெனியில் எந்த ஷிப்டில் இருந்தாலும் உங்களுக்கு என் போன் வரும். விடியற்காலையில்தான் வரும். திட்டாமல் எடுங்கள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை