ஏற்றமும் துவிச்சக்கரவண்டியும்

கல்முனையின் நடுவே ஓடும் பெருவீதி ஏ-4 என்னும் இலக்கத்தைப் பெற்றது. மட்டக்களப்பில் தொடங்கும் அவ்வீதி காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எனக் கடலோரமாகத் தெற்கே சென்று, பின்னர் மேற்கே திரும்பிச் சியம்பலாண்டுவை, மொணராகலை, புத்தளை, வெல்லவாயா ஆகிய ஊர்களைக் கடந்து கொழும்பை அடைகின்றது. அக்கரைப்பற்று வரையில் அவ்வீதியில் துவிச்சக்கரவண்டியிற் செல்பவர் ஏற்றம் என ஒன்றை உணர்வதே அரிது. பாலம் ஒன்றின் முதுகே அங்கு மலை. அதே வீதி வெல்லவாயாவைத் தாண்டியதும் தன் குணத்தை மாற்றிக்கொள்கின்றது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியின் அடியாற் சென்று, கொஸ்லந்தையூடாகப் பெரகலையை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகின்றது. வெல்லவாயாவிலிருந்து எல்லவுக்குப் பிரியும் வீதியோ சுமார் 27 கிலோமீற்றர் தூரத்துள் 800 மீற்றருக்கு மேல் உயர்கின்றது.

கீழைக் கரையோர மக்களுக்கு மலைப்பாதை புதியதன்று. கண்டிக்குப் பஸ்ஸில் செல்வோர் மகியங்கனைக்கு அப்பாலுள்ள பதினெட்டு வளைவுகளை நன்கு அறிவர். அங்கே தலை சுற்றாதவர் சிலரே. ஆயினும் பஸ்ஸில் அமர்ந்து மலையேறுவது வேறு, தன் காலால் ஏறுவது வேறு. மலைநாட்டுப் பாடசாலையில் நியமனம் பெறும் இளம் ஆசிரியரும், பேராதனையிலோ பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ இடம் பெறும் மாணவரும், வீட்டிலுள்ள துவிச்சக்கரவண்டியைக் கொண்டு செல்வதா விட்டுச் செல்வதா என்று எண்ணாமல் இரார். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பெற்றோல் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. அப்போதிருந்து இக்கேள்விக்குக் கனமும் கூடிவிட்டது. குறைந்த சம்பளத்தில் தொலைவிற் பணிபுரிபவருக்கு நாளாந்தப் பஸ் கட்டணமும் முச்சக்கரவண்டிக் கட்டணமும் சிறு தொகையல்ல.

மலையை அறியுமுன் காற்றை நினைத்துப் பார்த்தல் நன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே வயலுக்குச் செல்பவர் படும் பாடு யாவரும் கண்டதே. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்த்து வீசும் காற்றிலே 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதிக்க முயல்பவர், நூற்றுக்கு நான்கு வீத ஏற்றத்தில் ஏறுபவர் பெறும் தடையையே ஏறத்தாழப் பெறுகின்றார். அஃதாவது, 100 மீற்றர் முன்செல்ல 4 மீற்றர் மேலெழும் பாதை. ஆகவே கச்சானை எதிர்த்து வண்டி மிதித்த கல்முனையார் எவரும் மலையேறாதவர் அல்லர்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. காற்றுக்கு எதிரே வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதன் தடை மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மலை அவ்வாறு இரங்குவதில்லை. மெதுவாகச் சென்றாலும் விரைவாகச் சென்றாலும் உடலையும் வண்டியையும் அத்தனை மீற்றர் உயரத்துக்குத் தூக்கியே தீரவேண்டும். மெதுவாகச் செல்வதால் வேலை குறையாது. அவ்வேலையைச் செய்வதற்குரிய நேரம் மட்டுமே நீளும். மலையேறும் கலை முழுவதும் இந்த நேரத்தை நீட்டிக்கொள்ளும் வழியிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. ஆளின் நிறை 62 கிலோ, வண்டியின் நிறை 18 கிலோ, ஆக 80 கிலோ எனக் கொள்க. உடல்நலமுள்ள சாதாரண மனிதர் ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ இடைவிடாது வழங்கக்கூடிய வலு ஏறக்குறைய 100 வாற்று. பந்தய வீரர்களோ இதனை நான்கு மடங்காக வழங்குவர். அவர்களை இங்கு ஒப்பிடுதல் பொருந்தாது. நூற்றுக்கு எட்டு வீத ஏற்றத்தில் இந்த 100 வாற்று அம்மனிதரை மணிக்கு 5 கிலோமீற்றரளவு வேகத்திலேயே கொண்டு செல்லும். அது நடப்பவரின் வேகம். கால்களில் குறையில்லை, மனத்திலும் குறையில்லை, கணக்கே அவ்வாறிருக்கின்றது.

இனி, சமவெளிக்கென அமைந்த வண்டிக்கு வருவோம். முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்சக்கரத்துப் பிறீவீலில் 18 பற்களும் உடைய பழைய றலி போன்ற வண்டி, பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சுமார் 5.4 மீற்றர் முன்செல்லும். கடற்கரை வீதிக்கு இதனினும் இனிய அளவு வேண்டியதில்லை. எட்டு வீத ஏற்றத்திலோ அதே பெடல் நிமிடத்துக்கு 16 தடவை மட்டுமே சுழல முடியும். காலால் அழுத்தவேண்டிய விசையோ, பெடலின் கோல் கிடையாக வரும் நிலையில், 55 கிலோ நிறைக்கு ஒப்பாகும். ஆளின் நிறையே 62 கிலோ என்பதை நினைவிற் கொள்க. இருக்கையைவிட்டு எழுந்து, தன் உடல் முழுவதையும் ஒவ்வொரு மிதியிலும் ஏற்றி இறக்க வேண்டியவராகின்றார். சில நூறு மீற்றர் தூரம் இவ்வாறு செல்லலாம். பின்னர் முழங்கால் முறையிடும். மலைநாட்டு நகரங்களில் துவிச்சக்கரவண்டி அருகிக் காணப்படுவதன் காரணம் மக்களின் சோம்பலன்று. அங்கே சென்று சேர்ந்த வண்டிகளிற் பெரும்பாலானவை சமவெளிக்காகச் செய்யப்பட்டவை.

வண்டி மலைக்கு ஏற்றதாவதற்கு மேலைநாடுகளிலும் காலம் பிடித்தது. 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இன்றைய வடிவத்தை ஒத்த வண்டியைச் செய்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். பிரான்சின் சென் எத்தியென் நகரில் வாழ்ந்த போல் டி விவி என்பவர் வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதி, ஏற்றத்துக்கொரு பல்லளவும் இறக்கத்துக்கொரு பல்லளவும் வேண்டும் எனப் பல்லாண்டுகள் வாதாடினார். அவர் ஊரைச் சூழ்ந்தவை மலைகள். அவருடைய கட்சி அனுபவத்திலிருந்து பிறந்தது. பிரான்ஸ் சுற்றுப் போட்டியை நடத்தியோர் அதற்கு இணங்கவில்லை. கியர் மாற்றுவது ஆண்மைக்கு இழுக்கு என்பது அவர்கள் எண்ணம். 1910ஆம் ஆண்டில் பிரெனீஸ் மலையிலே 2,115 மீற்றர் உயரமுடைய தூர்மலே கணவாயை முதன்முறை கடந்தபோது, அவ்வாண்டின் வெற்றிவீரரான ஒக்தாவ் லப்பீஸ் இடையிடையே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே சென்றார். சங்கிலியைப் பல்லுக்குப் பல் தாண்டச் செய்யும் கியர் அப்போட்டியில் அனுமதிக்கப்பட்டது 1937இலேயே. உலகின் தலைசிறந்த வீரரே தள்ளி நடந்த மலையில், சட்டைப்பையில் பாடக்குறிப்பும் கரியரில் புத்தகக் கட்டும் கொண்டு செல்லும் ஆசிரியர் இறங்கி நடப்பதில் வெட்கம் எதற்கு?

நடப்பதால் இழக்கும் நேரமும் பெரிதன்று. எட்டு வீத ஏற்றத்தில் ஒரு கிலோமீற்றரை மிதித்துக் கடக்கப் பதினொன்றரை நிமிடமாகும் எனில், வண்டியைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் நடப்பவருக்குப் பதினைந்து நிமிடமாகும். மூன்றரை நிமிடத்துக்காக நனைந்த சட்டையும் நடுங்கும் கால்களுமாக வகுப்பறையினுள் நுழைவது புத்திசாலித்தனமாகாது. பந்தயக்காரர் மலையுச்சியில் விழுந்து கிடக்கலாம். நாளாந்தம் செல்பவருக்கு மலையுச்சியிலேதான் வேலை தொடங்குகின்றது.

கியர் உள்ள வண்டி கிடைக்குமாயின் நிலைமை பெரிதும் மாறும். முன்னும் பின்னும் பற்கள் சமமாக உள்ள அளவில், பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீற்றர் மட்டுமே வண்டி நகரும். அதே ஏற்றம், அதே வேகம். ஆனால் காலின் உச்ச அழுத்தம் 55 கிலோவிலிருந்து 23 கிலோவாகக் குறைகின்றது, பெடல் நிமிடத்துக்கு 40 தடவை சுழல்கின்றது. இருக்கையிலிருந்தபடியே ஏறலாம். வெல்லவாயாவிலிருந்து எல்ல வரையுள்ள ஏற்றம் சராசரியாக மூன்று வீதமே. இத்தகைய வண்டியில் நில்லாது செல்பவர், மேற்சொன்ன 100 வாற்றுக் கணக்கின்படி, இரண்டேகால் மணிக்கும் இரண்டரை மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் அதனை முடிக்கக்கூடும். கியரை ஏற்றம் தொடங்குமுன்னரே மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். பாதி வழியில் பெடலை முழுப்பலத்துடன் அழுத்திக்கொண்டு மாற்றினால் சங்கிலி நழுவும். சில வேளை அறும். கல்முனை வீதிகளில் இளைஞர் பலர் இருபத்தொரு கியர் கொண்ட வண்டியை வாங்கி அதில் ஒன்றை மட்டுமே பயன்படுத்துவதைக் காணலாம். அவர்களைக் குறைகூற முடியாது. அங்கு மற்ற இருபதுக்கும் வேலையில்லை.

புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர் பின்பக்கத்துப் பிறீவீலை மட்டும் மாற்றலாம். 18 பற்களுக்குப் பதிலாக 22 பற்கள் கொண்டதைப் பூட்டினால் காலின் சுமை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையும். சங்கிலியில் ஓரிரு கண்ணிகள் கூட்டவேண்டி வரும். செலவு சிறிது, பயன் பெரிது. இருக்கையையும் உயர்த்திக்கொள்ள வேண்டும். சமவெளியில் இரண்டு பாதங்களும் நிலத்திற் படும்படி தாழ்த்தி வைத்திருப்பது பலரது வழக்கம். அவ்வாறு அமர்பவரின் தொடை முழுமையாக நீளாது, முழங்கால் விரைவில் நோகும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீளுமளவு உயரமே பொருத்தமானது.

நேரமும் கவனிக்கத்தக்கது. வெல்லவாயா உலர்வலயத்து ஊர். முற்பகலிலேயே அங்கு வெயில் கொளுத்தும். சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படுபவர் வெயிலுக்கு முன் உயரத்தை அடைந்துவிடுவார். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகையளவு குறையும். நோன்பு காலத்தில் இத்தகைய பயணத்தைத் தவிர்த்தலே முறை. நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் அக்கணமே நிற்க வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தும் பல ஆண்டுகள் வண்டியைத் தொடாதிருந்தவர் முதலில் வைத்தியரிடம் காட்டிக்கொள்வது அவசியம். இடம் வலமாக வளைந்து வளைந்து மிதித்தால் ஏற்றம் குறையும் என்பது உண்மையே. வீதி அமைத்தவர்கள் கொண்டையூசி வளைவுகளைப் போட்டதும் அதே காரணத்தால்தான். ஆனால் லொறியும் பஸ்ஸும் திரும்பும் வீதியில் அதைச் செய்வது உயிரோடு விளையாடுவதாகும்.

நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரத்தார் வேறு வழி கண்டனர். செங்குத்தான தெருவொன்றின் ஓரத்தில் 130 மீற்றர் நீளத்துக்கு, மிதிப்பவரின் பாதத்தைத் தாங்கி மேலே தள்ளும் பொறியொன்றை 1993இல் அமைத்தனர். இப்போது பல நாடுகளில் மின்மோட்டார் துணைசெய்யும் வண்டிகள் பெருகியுள்ளன. ஐரோப்பாவில் அம்மோட்டாரின் வலு 250 வாற்றுக்கு மேற்படலாகாது என்பது விதி. 250 வாற்றும் மனிதரின் 100 வாற்றும் சேர்ந்தால் எட்டு வீத ஏற்றம் ஏற்றமாகவே தோன்றாது. விலையும் மின்கலத்தின் ஆயுளுமே அதற்குத் தடை.

ஏறியவர் இறங்க வேண்டும். ஏற்றத்தில் தவறினால் களைப்பு மட்டுமே. இறக்கத்தில் தவறினால் பள்ளத்தாக்கு. 100 மீற்றர் ஏறுவதற்குச் செலவிட்ட சக்தி முழுவதும், ஒரே வேகத்தில் இறங்கும்போது வெப்பமாக வெளிப்பட்டே ஆகவேண்டும். கால் லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்குபவர் இரண்டு லீற்றர் நீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை வெளிவிடுகின்றார். ஒரு பகுதியைக் காற்று ஏற்கும். எஞ்சியது பிறேக்குக் கட்டைகளையும் ரிம்மையும் சேரும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் இறப்பர்க் கட்டை பிடிப்பது மிகக் குறைவு என்பதும், ஊவா மலைகளில் ஐப்பசி கார்த்திகையில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதும் ஒருங்கே நினைக்கத்தக்கன.

ஆதலால் வேகம் கூடிய பின் பிடிக்காது, கூடுமுன்னரே பிடித்து விடுவித்துப் பிடித்து விடுவித்து இறங்க வேண்டும். இரண்டு பிறேக்குகளையும் சேர்த்தே பயன்படுத்தல் வேண்டும். நனைந்த ரிம்மை வளைவுக்கு வெகுமுன்னரே மெல்லப் பிடித்து, நீரை வழித்துவிடல் வேண்டும். கரியரில் பாரம் இருந்தால் அதனைத் தாழ்வாகக் கட்டி, நடந்தே இறங்குதல் நன்று. நீண்ட இறக்கத்தின் நடுவே ஓரிருமுறை நின்று சக்கரம் ஆற விடவேண்டும். நிற்கும்போது ரிம்மை விரலால் தொட்டுப் பார்ப்பவர் உண்டு. ஒருமுறை தொட்டவர் மறுமுறை தொடுவதில்லை.