17 கேள்வியும் ஒரு தோட்டத்துப் பெண்ணும்

ஒரே வகுப்பில் படித்து ஒரே தேர்ச்சியோடு வெளியே வந்த இருவரில் ஒருவர் வேலை தேடி ஊர் ஊராகப் போகிறார். மற்றவர் அழைப்பு வரட்டும் என்று வீட்டில் இருக்கிறார். ஏன் இப்படி? தானாக முன்வந்து செயல்படும் குணத்தை அளக்க 1993இல் பேட்மன், கிராண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ‘முன்முயற்சி ஆளுமை’ அளவுகோலை உருவாக்கினார்கள். மொத்தம் 17 வாக்கியங்கள். கொஞ்சமும் ஒப்பவில்லை என்றால் 1, முழுக்க ஒப்பினால் 7. பின்னால் அது 10 வாக்கியமாகச் சுருக்கப்பட்டது. பல்கலைக்கழக மாணவர்களின் வேலை தேடும் போக்கை ஆராய்கிறவர்கள் இன்றும் இதை எடுத்தாள்கிறார்கள்.

நான் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மலேசியாவில், பெடோங்கில் வீடு. செமெலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் சிந்தோக்கில் யு.யு.எம். பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் வந்து பேசிவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருத்தி தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அவளிடம் அந்த 17 வாக்கியத் தாளைக் கொடுத்தேன். மற்றவர்கள் எதிர்த்தாலும் தன் எண்ணத்துக்காக நிற்பது பற்றிய இடம் வந்ததும் பேனா நின்றது.

“பெரியவங்கள எதிர்த்துப் பேசுறது தப்பில்லையா டீச்சர்?”

2ஐ வட்டமிட்டாள்.

தம்பியின் யு.பி.யு. பல்கலைக்கழக விண்ணப்பம், தன்னுடைய பி.டி.பி.டி.என். படிப்புக் கடன், அம்மாவின் இ.பி.எஃப். சேமநிதிப் பாரம் எல்லாவற்றையும் நிரப்பியவள் இவள்தான். அடையாள அட்டைப் பிரச்சினையில் தவித்த பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பஸ்ஸில் ஆபீஸுக்கு அழைத்துப் போனவளும் இவள்தான். அங்கே “அடுத்த மாதம் வாங்க” என்றபோது, எந்தப் பத்திரம் குறைகிறது என்று எழுதி வாங்காமல் அவள் கவுண்டரை விட்டு நகரவில்லை. முன்முயற்சி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தாளில் மட்டும் அது ஏறவில்லை. அடக்கமாக வளர்ந்த பிள்ளை, அந்த வாக்கியத்தில் துணிச்சலைப் பார்க்கவில்லை, வாய்த்துடுக்கைப் பார்த்தாள்.

அளவுகோல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தன்னைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க நம் பிள்ளைகளுக்கு வேறு வாய்ப்பு எங்கே கிடைக்கிறது? ஆனால் ஓர் ஊரில் செய்த கேள்வி இன்னோர் ஊரிலும் அதையே அளக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சவிக்காஸ், போர்ஃபெலி இருவரும் 2012இல் வெளியிட்ட 24 வாக்கியத் தொழில் தகவமைவு அளவுகோலை 13 நாடுகளில் சோதித்தது அதற்காகத்தான். அந்த 13இல் மலேசியா இல்லை.

பெற்றோர்களே, விரிவுரையாளர்களே, புள்ளி குறைந்த பிள்ளையை ‘துணிச்சல் இல்லாதவள்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தாளை ஓரமாக வைத்துவிட்டு, “போன வருஷம் யாரும் சொல்லாமல் நீயாகச் செய்தது என்ன?” என்று கேளுங்கள். பதிலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூலிம் தொழிற்சாலைகளில் நேர்முகத்துக்குப் போகும்போது அதையே எடுத்துச் சொல்லட்டும்.