பொலிஸ் மறித்த பிறகு

கண்டி வீதியில் கொடிகாமம் தாண்டி ஆனையிறவுப் பக்கம் போகப்போக வேகமுள் தன்பாட்டில் ஏறிவிடும். மரநிழலில் நிற்கும் பொலிஸார் கைகாட்டும்போதுதான் பலர் அதைக் கவனிக்கிறார்கள். பொதுவாக ஊர்மனைக்குள் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. ஓட்டோவுக்கு 40.

கைகாட்டினால் நிறுத்துங்கள். ஒழுங்கைக்குள் திருப்பித் தப்பப் பார்க்க வேண்டாம். 2016 ஒக்டோபர் 20 இரவு கொக்குவில் குளப்பிட்டியில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தார்கள். முதலில் பொலிஸார் அதை விபத்து என்றார்கள். பிறகு ஐந்து பொலிஸார் கைதானார்கள். அதற்குப் பிறகு இங்கே இரவில் மறிபடுகிற எவருக்கும் நெஞ்சு படபடப்பது இயல்பு. அந்தப் பயத்திலும் ஓரமாக நிறுத்துவதே பாதுகாப்பு.

சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றையும் கேட்பார்கள். வேகம் அளக்கும் கருவியில் பதிவானதைக் காட்டும்படி நீங்களும் மரியாதையாகக் கேட்கலாம். தண்டச் சீட்டில் வாகன இலக்கம், இடம், நேரம், குற்றம், தொகை சரியா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். சிங்களத்தில் எழுதியது விளங்காவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. விளங்காத எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டைத் தருவார்கள். 14 நாட்களுக்கு அந்தச் சீட்டுத்தான் உங்கள் தற்காலிக லைசன்ஸ். அதற்குள் தபாலகத்தில் தண்டத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி மீட்க வேண்டும். 14 நாள் கடந்தால் தொகை இரட்டிப்பு. 28 நாளும் கடந்தால் வழக்கு. மேசை லாச்சிக்குள் சீட்டை மறந்துவிட்டு ஓடித்திரிபவர்தான் அதிகம் மாட்டுகிறார். அடுத்த முறை மறிபடும்போது வேகம் மட்டுமல்ல, செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லாததும் குற்றமாகிவிடும்.

கொழும்புக்குப் போகும் வழியில் வவுனியாவுக்கு அப்பால் மறிபட்டால், லைசன்ஸை எடுக்கத் திரும்ப அந்த ஊருக்கே அலைய நேரலாம். வேலைநாள் ஒன்று போய்விடும். ‘ஏதாவது தந்து முடிப்பம்’ என்ற எண்ணம் பெரும்பாலும் இந்த அலைச்சலால்தான் வருகிறது. வேண்டாம். இலஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். 2025 முதல் அரசின் ‘கவ்பே’ (GovPay) இணையக் கட்டண வசதி மூலம் தொலைபேசியிலேயே தண்டம் கட்டும் முறை படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. கட்டியதும் லைசன்ஸை அங்கேயே திருப்பித் தருவார்கள். அந்த வசதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

உத்தியோகத்தரே காசு கேட்டால் அவருடைய இலக்கத்தையும் இடத்தையும் நேரத்தையும் குறித்து, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அறிவியுங்கள். பொலிஸாரின் நடத்தை பற்றிய முறைப்பாட்டுக்குத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் 1960, அடி உதைக்கு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996.

குற்றத்தை ஏற்காதவர் தண்டத்தைக் கட்டாமல் நீதவான் முன் மறுக்கலாம். யாழ். மாவட்டத்துக்குள் என்றால், மறித்த இடத்தைப் பொறுத்து யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை நீதிமன்றங்களில் ஒன்றுக்கு வழக்குப் போகும். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம். தவணைக்குக் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் பிடியாணை வரும்.