வரைபடத்தில் ஒரு தொடர்வண்டிப் பயணம்

கோடை விடுமுறை தொடங்கியதும் தில்லி, போபால், நாக்பூர் முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பயணத்துக்கு ஆயத்தமாகிவிடும். “எங்கே போகிறீர்கள்?” என்று அண்டை வீட்டார் கேட்டால், “ஊருக்கு” என்று விடை கூறுவோம். அந்த ஒரு சொல்லில் போய்ச் சேரும் இடம் இருக்கிறது. போகும் வழி இல்லை.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வினா. புதுதில்லியில் ஏறிச் சென்னையில் இறங்குவதற்குள் உங்கள் வண்டி எந்தெந்தப் பெரிய ஆறுகளைக் கடக்கிறது? எத்தனை மாநிலங்களின் வழியே செல்கிறது? பலமுறை சென்று வந்தவர்களும் உடனே விடை கூறத் தயங்குவர். பயணத்தின் இரண்டு இரவுகள் உறக்கத்தில் கழிகின்றன. பகலில் சாளரத்தின் வழியே ஆறு ஒன்று தெரிந்தாலும், அதன் பெயரைக் கேட்பதற்குள் பாலம் முடிந்துவிடுகிறது. ஆகவே, நாம் வாழும் நகரையும் நம் சொந்த ஊரையும் அறிந்த அளவுக்கு, இரண்டுக்கும் இடையில் உள்ள நிலத்தை நாம் அறிவதில்லை. இக்குறையைப் போக்க இணையவழி வரைபடம் நமக்கு உதவும். அதனைப் பயன்படுத்தும் முறையை இப்பாடத்தில் கற்போம்.

இரண்டு கருவிகள்

தொடர்வண்டியின் வழியை அறிய இரண்டு கருவிகள் தேவை. ஒன்று கால அட்டவணை, மற்றொன்று வரைபடம்.

கால அட்டவணையில் நிலையங்களின் பெயர்களும், வண்டி வந்து புறப்படும் நேரங்களும், புறப்பட்ட இடத்திலிருந்து கடந்த தொலைவும் இருக்கும். ஆனால், அந்நிலையங்கள் மலையடிவாரத்தில் உள்ளனவா, ஆற்றங்கரையில் உள்ளனவா என்பதை அது கூறாது. வரைபடத்தில் மலையும் ஆறும் இருப்புப்பாதையும் காணப்படும். ஆனால், ஒரு பாதையில் எந்த வண்டி செல்கிறது என்பதை அந்தக் கோடு கூறாது. ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் வழி புலப்படும்.

இணையத்தில் பல வரைபடங்கள் உள்ளன. 2005-ஆம் ஆண்டு வெளியான கூகுள் மேப்ஸ் பலரும் அறிந்தது. 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்து வருவது. அதன் தரவுகளைக் கொண்டு இருப்புப்பாதைகளை மட்டும் வண்ணக் கோடுகளாக எடுத்துக்காட்டும் ஓப்பன் ரயில்வே மேப் என்ற வரைபடமும் உண்டு. நம் நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ, 2009-ஆம் ஆண்டு புவன் என்னும் வரைபடத் தளத்தை வெளியிட்டது.

வழியைக் கண்டறியும் முறை

முதலில், உங்கள் வண்டியின் கால அட்டவணையைப் பார்த்து, அது நிற்கும் நிலையங்களை வரிசையாக ஏட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரத்தையும் தொலைவையும் குறியுங்கள்.

அடுத்து, வரைபடத்தில் முதல் நிலையத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். படத்தைப் பெரிதாக்கினால் நிலையத்தின் இரு புறமும் மெல்லிய கோடுகள் செல்வதைக் காணலாம். அவையே இருப்புப்பாதைகள். பின்னர் இரண்டாம் நிலையத்தைத் தேடி, இரண்டையும் இணைக்கும் கோட்டினை விரலால் பின்தொடருங்கள்.

சந்திப்பு நிலையங்களில் பாதை பல கிளைகளாகப் பிரியும். அங்கே ஊகித்துச் செல்லாமல், ஏட்டில் எழுதிய அடுத்த நிலையத்தின் பெயரைப் பாருங்கள். அந்நிலையத்தை நோக்கிச் செல்லும் கிளையே உங்கள் வண்டியின் வழி.

இறுதியாக, செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, அதே பாதையை மீண்டும் ஒருமுறை காணுங்கள். கோடாகத் தெரிந்த இடத்தில் இப்போது வயலும் காடும் மணற்படுகையும் தெரியும்.

தில்லியிலிருந்து சென்னை வரை

இம்முறையில் ஒரு வண்டியைத் தொடர்ந்து பார்ப்போம். 1976-ஆம் ஆண்டு முதல் புதுதில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் தமிழ்நாடு விரைவு வண்டியை எடுத்துக்கொள்வோம். அது கடக்கும் தொலைவு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். பயண நேரம் ஏறத்தாழ 33 மணி. தொலைவை நேரத்தால் வகுத்தால், நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்குச் சராசரியாக 66 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்பது விளங்கும்.

இரவில் தில்லியை விட்டுப் புறப்படும் வண்டி, அரியானாவைக் கடந்து, உத்தரப் பிரதேசத்தின் மதுரா வழியாக ஆக்ராவை அடைகிறது. அடுத்து இராசத்தான் மாநிலத்தின் தோல்பூர் வருகிறது. அதனை அடுத்துச் சம்பல் ஆறு. செயற்கைக்கோள் படத்தில் இவ்வாற்றின் இரு கரைகளிலும் நிலம் அரிக்கப்பட்டு, ஆயிரம் மடிப்புகளாகக் கிடப்பதைக் காணலாம். இங்கு வண்டி நள்ளிரவில் செல்வதால் பயணிகள் இக்காட்சியைக் காண்பதில்லை.

ஆற்றுக்கு அப்பால் மத்தியப் பிரதேசம். குவாலியரைக் கடந்ததும் வண்டி மீண்டும் உத்தரப் பிரதேசத்துக்குள் புகுந்து, ஜான்சியில் நிற்கிறது. பின்னர் மறுபடியும் மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்புகிறது. மாநில எல்லைகள் நேர்கோடாக அமைவதில்லை என்பதற்கு இப்பகுதி நல்ல சான்று.

போபாலுக்குச் சற்று வடக்கே சாஞ்சி நிலையம் உள்ளது. படத்தைப் பெரிதாக்கினால், நிலையத்துக்கு அருகிலுள்ள குன்றின் மேல் வட்டமான பெரிய தூபியைக் காணலாம். சாஞ்சிக்கும் போபாலுக்கும் இடையில் இருப்புப்பாதை கடகக் கோட்டைக் கடக்கிறது.

போபாலுக்குப் பின் விந்திய மலைப்பகுதியில் இறங்கி, வண்டி நருமதை ஆற்றைக் கடக்கிறது. இந்த வழியிலுள்ள பெரிய ஆறுகளுள் மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலப்பது நருமதையே. அதன்பின் இட்டார்சி சந்திப்பு. அதைத் தாண்டிச் சாத்பூரா மலைத்தொடர். இவ்விடத்தில் கோடு வளைந்து நெளிந்து செல்வதைக் கவனியுங்கள். நூறு மீட்டர் செல்வதற்குள் ஓரிரு மீட்டருக்கு மேல் ஏறுவது தொடர்வண்டிக்குக் கடினம். ஆதலால் பாதையை அமைத்தவர்கள் மலையைச் சுற்றி வளைத்து, சிறிது சிறிதாக ஏறும்படி செய்தனர். வரைபடத்தின் அளவுகோல் கருவியால் தில்லிக்கும் சென்னைக்கும் உள்ள நேர்த்தொலைவை அளந்தால், ஏறத்தாழ 1,750 கிலோமீட்டரே வரும். இருப்புப்பாதை அதைவிட 430 கிலோமீட்டர் மிகுதியாக இருப்பதற்கு இத்தகைய வளைவுகளும், இடையிலுள்ள நகரங்களைத் தொட்டுச் செல்வதும் காரணங்களாகும்.

மறுநாள் நண்பகலை ஒட்டி மகாராட்டிர மாநிலத்தின் நாக்பூர் வருகிறது. தில்லியிலிருந்து நாக்பூருக்கு ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர். நாக்பூரிலிருந்து சென்னைக்கும் ஏறத்தாழ அதே தொலைவு. ஆகவே, நாக்பூர் நம் பயணத்தின் நடுவிடம் எனலாம்.

பல்லார்சாவை அடுத்து வார்தா ஆற்றைக் கடந்து, வண்டி தெலங்கானாவை அடைகிறது. மாலையில் மஞ்சிரியாலுக்கும் இராமகுண்டத்துக்கும் இடையே கோதாவரிப் பாலம். வாரங்கலுக்குப் பின் இருள் சூழ்ந்துவிடும். ஆந்திரப் பிரதேசத்தின் விசயவாடா நிலையத்தை விட்டு நகர்ந்ததும் கிருட்டிணா ஆறு; நெல்லூருக்கு வடக்கே பெண்ணை ஆறு. இவ்விரண்டையும் நாம் உறக்கத்திலேயே கடக்கிறோம். சூலூர்ப்பேட்டைப் பகுதியில் படத்தைக் கிழக்கே நகர்த்தினால், பழவேற்காடு ஏரி நீலமாக விரிந்து கிடக்கும். அதன்பின் தமிழ்நாடு. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி எனத் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் தொடரும்போது பொழுது விடிகிறது.

கவனிக்க வேண்டியவை

வரைபடமும் சில இடங்களில் நம்மைத் தடுமாறச் செய்யும். தில்லியையும் சென்னையையும் குறித்து “வழி காட்டு” என்று கேட்டால், பெரும்பாலும் சாலை வழியே தோன்றும். தொடர்வண்டியைத் தெரிவு செய்தாலும், சில வரைபடங்கள் நிலையங்களை நேர்கோட்டால் இணைத்துவிடும். அக்கோடு ஏரியின் நடுவிலும் மலையின் மேலும் செல்வதாகத் தோன்றினால், அது உண்மையான பாதை அன்று என உணர வேண்டும்.

பெயர்களிலும் கவனம் தேவை. ஆங்கில எழுத்தில் சேலம் என்று தேடினால், அமெரிக்காவில் அதே எழுத்துகளைக் கொண்ட ஊர்களும் வரக்கூடும். சில பெயர்கள் மாறியும் உள்ளன. நருமதைக் கரையிலுள்ள ஓசங்காபாத் இன்று நருமதாபுரம் எனப்படுகிறது. பழைய பெயரை ஒன்றிலும் புதிய பெயரை மற்றொன்றிலும் கண்டு குழம்ப வேண்டா. இதற்கு நிலையக் குறியீடு உதவும். சென்னை சென்ட்ரல் நிலையத்தின் குறியீடு எம்.ஏ.எஸ்.; விசயவாடாவின் குறியீடு பி.இசட்.ஏ. மதராசு, பெசவாடா என்னும் பழைய பெயர்கள் அக்குறியீடுகளில் இன்றும் வாழ்கின்றன.

ஓடும் வண்டியைத் தொடர்தல்

ஊரிலிருந்து உங்கள் பாட்டி தனியே வருகிறார் எனக் கொள்வோம். “இப்போது எங்கே வந்திருக்கிறீர்கள், பாட்டி?” என்று தொலைபேசியில் கேட்கிறீர்கள். “தெரியவில்லை கண்ணே, வெளியே ஒரே இருட்டு. நிலையத்தின் பெயர் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கிறது” என்கிறார். இந்நிலையில் நீங்கள் அவருக்குத் துணையாகலாம்.

ஓடும் வண்டியின் நிலையைத் தேசியத் தொடர்வண்டி விசாரணை அமைப்பின் இணையத்தளத்தில் காணலாம். முற்காலத்தில் ஒரு நிலையத்தைக் கடந்த பின்னரே வண்டி இருக்குமிடம் தெரியவரும். இப்போது இஸ்ரோவின் துணையுடன் இயந்திரங்களில் பொருத்தப்பட்டுவரும் கருவிகள், 30 வினாடிகளுக்கு ஒருமுறை வண்டியின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியே அறிவிக்கின்றன. வண்டி கடைசியாகக் கடந்த நிலையத்தை வரைபடத்தில் கண்டுபிடித்து, அடுத்த நிலையத்துக்கு உள்ள தொலைவைப் பாருங்கள். “பாட்டி, நீங்கள் குவாலியரைக் கடந்துவிட்டீர்கள். சற்று நேரத்தில் சம்பல் ஆற்றுப் பாலம் வரும். அதன்பின் ஆக்ரா. நீங்கள் இறங்க இன்னும் நான்கு மணி நேரம் ஆகலாம், நிம்மதியாக உறங்குங்கள்” என்று கூறலாம். அந்தச் சொற்கள் அவருக்கு எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். பயணச்சீட்டின் படத்தையும் அதிலுள்ள பத்து இலக்கப் பதிவு எண்ணையும் வீட்டாரைத் தவிர மற்றவர்களுக்கு அனுப்புதல் கூடாது.

இதே வழியில் ஒருவர்

இன்று விரல் நுனியில் கிடைக்கும் இந்திய வரைபடத்துக்கு அடிப்படையான அளவைப் பணி சென்னையில் தொடங்கியது என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்பவர், பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலிகொண்டு அளந்தார். அதை அடித்தளமாகக் கொண்டு, முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்தபடி வடக்கே சென்றார். 78-ஆம் தீர்க்கக் கோட்டை ஒட்டிக் குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை நீண்டது அந்த அளவை. பணி முடியும் முன்னரே, 1823-இல் லாம்டன் இறந்தார். அவர் இறந்த இங்கன்காட் என்னும் ஊர், வார்தாவுக்குத் தெற்கே, நம் வண்டி செல்லும் அதே இருப்புப்பாதையில் உள்ளது. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை இமயம் வரை கொண்டு சென்றார்.

சென்னையிலிருந்து இங்கன்காட் வரையுள்ள நிலத்தை அளக்க லாம்டனுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. நாம் அத்தொலைவை ஒரு நாளுக்குள் கடக்கிறோம். வரைபடத்தில் அதை ஒரு நிமிடத்தில் பின்தொடரலாம். ஆனால், பெயர் சொல்லிப் பின்தொடர்ந்தால்தான் அந்நிலம் நமக்கு உரியதாகும்.

உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ வேலை தேடி இதே பாதையில் ஒருநாள் வடக்கே வந்திருப்பர். அவர்கள் கடந்த ஆறுகளையும் ஊர்களையும் நீங்கள் அறிந்திருப்பது, உங்கள் குடும்பத்தின் கதையில் ஒரு பகுதியை அறிவதாகும். அடுத்த முறை “ஊருக்குப் போகிறோம்” என்று கூறும்போது, எந்த வழியே போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. கால அட்டவணையில் இருப்பதும் வரைபடத்தில் இல்லாததும் எவை? வரைபடத்தில் இருப்பதும் கால அட்டவணையில் இல்லாததும் எவை? எழுதுக.

2. தமிழ்நாடு விரைவு வண்டி கடக்கும் ஆறு ஆறுகளைப் பாடத்திலிருந்து எடுத்து, வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படுத்துக.

3. இருப்புப்பாதையின் தொலைவு நேர்த்தொலைவைவிட மிகுதியாக இருப்பது ஏன்? நான்கு வரிகளில் விளக்குக.

4. உங்கள் நகரிலிருந்து சொந்த ஊருக்குச் செல்லும் வண்டியின் வழியை வரைபடத்தில் கண்டறிந்து, மாநிலங்களையும் ஆறுகளையும் பட்டியலிடுக. பயணத்தின் நடுவிடம் எது எனக் கணக்கிடுக.

5. உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இந்நகருக்கு வந்தவரிடம், அவர் எந்த வண்டியில் எந்த வழியாக வந்தார் எனக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.