சாலை போகாத ஊரில் வீட்டுக் காற்றாலை

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் ஸ்கோரெய்க் என்றொரு தீபகற்பம் இருக்கிறது. அங்கே மோட்டார் சாலை கிடையாது. படகேற வேண்டும், இல்லையென்றால் மலையோர ஒற்றையடிப் பாதையில் மணிக்கணக்காக நடக்க வேண்டும். பொது மின்கம்பியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் வீடுகளில் விளக்கு எரிகிறது. மேட்டில் சுழலும் சிறு காற்றாலைகள் பேட்டரியை நிரப்ப, வீட்டுக்கு வேண்டியது அதிலிருந்து வருகிறது.

1970களில் இங்கே குடியேறிய ஹியூ பிகட், தன் வீட்டுக்காகப் பழைய உதிரிபாகங்களைச் சேர்த்துக் காற்றாலை செய்யத் தொடங்கினார். பிறகு அக்கம்பக்கத்தாருக்கும் செய்து கொடுத்தார். செய்முறையைப் புத்தகமாக எழுதினார், பயிற்சி வகுப்புகள் நடத்தினார். இன்று பல நாடுகளில் சிறு பட்டறைகள் அவருடைய வடிவமைப்பைப் பின்பற்றுகின்றன.

அந்த இயந்திரத்தில் மர்மம் ஏதுமில்லை. மூன்று இறக்கைகளையும் மரப்பலகையில் உளியும் இழைப்புளியும் கொண்டு செதுக்குகிறார்கள். அடிப்பகுதி அகலமாகவும் நன்றாக முறுக்கியும் இருக்கும். நுனிக்குப் போகப் போகக் குறுகித் தட்டையாகும். ஒரே சுற்றில் நுனி கடக்கும் தூரம் மிக அதிகம் என்பதால், காற்று அங்கே வேறு கோணத்தில் வந்து மோதுகிறது. அதற்கேற்பத்தான் இந்த முறுக்கு. இறக்கைகளுக்குப் பின்னால், வாகனச் சக்கரத்தின் ஹப்பில் இரண்டு இரும்புத் தட்டுகள். அவற்றில் வட்டமாக நியோடிமியம் காந்தங்கள். தட்டுகளுக்கு நடுவே, ரெசினில் வார்த்த செப்புக் கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. பல்சக்கரம் கிடையாது, இறக்கை சுற்றினால் காந்தமும் கூடவே சுற்றும். சுருள்களுக்குள் இரும்பு இல்லாததால் காந்தம் எதையும் பிடித்து இழுத்து வைப்பதில்லை. இளங்காற்றிலும் சுழற்சி தொடங்கிவிடும்.

புயலுக்கு என்ன செய்வது? அதைப் பார்த்துக்கொள்வது வால்.

சுழலியின் மையம் கோபுரத்தின் அச்சிலிருந்து சற்று விலகியிருக்கும். அதனால் காற்று அதை எப்போதும் ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும். வால் அதை நேராக நிறுத்தும். வாலின் கீல் சாய்வாக அமைந்திருப்பதால், வால் மடங்க வேண்டுமானால் மேலே எழவும் வேண்டும். சாதாரணக் காற்றில் அதன் எடை அதற்கு விடாது. காற்றின் தள்ளுவிசை அந்த எடையை மிஞ்சியதும் வால் மடங்கி உயர, இறக்கைகள் காற்றுக்கு முகம் காட்டாமல் ஒதுங்குகின்றன. காற்று தணிந்தால் வால் தானே இறங்கிப் பழைய நிலைக்கு வருகிறது. ஸ்பிரிங்கும் இல்லை, மின்னணுச் சுற்றும் இல்லை.

இவ்வளவு எளிது என்றால் வீட்டுக்கு வீடு ஏன் இல்லை? காற்றின் கணக்கு அப்படி. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகிறது. 2.4 மீட்டர் விட்டமுள்ள சுழலியை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கடக்கும் காற்றில் ஏறத்தாழ 350 வாட் இருக்கிறது. 10 மீட்டர் வேகத்தில் அதுவே சுமார் 2,770 வாட். இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரமும் கறக்க முடியாது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நிறுவினார். நல்ல சிறு காற்றாலைக்குக் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கிடைத்தாலே அதிகம். ஆக, காற்றின் வேகம் சற்றுக் குறைந்தாலும் விளைச்சல் அடியோடு விழுந்துவிடும்.

மொட்டைமாடிக் காற்றாலைகள் தோற்பது இங்கேதான். ஆற்றில் பாறையைத் தாண்டிய தண்ணீர் சுழித்துக் குழம்புவதுபோல, கூரையையும் மரத்தையும் தாண்டும் காற்று வேகமிழந்து திசை மாறி அலைக்கழிகிறது. பிரிட்டனில் கட்டடங்களில் பொருத்திய 26 காற்றாலைகளைக் கண்காணித்த வார்விக் சோதனையின் அறிக்கை 2009இல் வெளியானது. நிறுத்தி வைத்த காலத்தையும் சேர்த்தால், முழுத் திறனில் கிடைத்திருக்க வேண்டிய மின்சாரத்தில் சராசரியாக 1 சதவீதம்கூடத் தேறவில்லை. சில இடங்களில், காற்றாலையோடு இணைந்த கருவிகள் இழுத்த மின்சாரம் விளைந்ததைவிட அதிகம்!

இதனால்தான் அனுபவசாலிகள் இயந்திரத்தின் விலையைக் கேட்பதற்கு முன் கோபுரத்தின் உயரத்தைக் கேட்கிறார்கள். 300 அடி சுற்றுவட்டத்தில் உள்ள எந்த மரத்தையும் கட்டடத்தையும்விட 30 அடியாவது மேலே இறக்கைகள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மின்வசதி இருக்கும் நகரத்து வீட்டுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாவது கடினம். அங்கே சூரியத் தகடே லாபம்.

ஸ்கோரெய்க்கிலும் இப்போது சூரியத் தகடுகள் வந்துவிட்டன. ஆனால் டிசம்பரில் அங்கே பகல் ஆறரை மணி நேரம்தான்; அட்லாண்டிக் காற்று உரக்க வீசுவதும் குளிர்காலத்தில்தான். கோடையில் தகடு, குளிரில் காற்றாலை என்று வேலை பிரிந்துவிட்டது. காற்றாலைக்கு ஓய்வு கிடைக்கும் கோடை நாட்களில் கோபுரத்தை மெல்லச் சாய்த்து இறக்கிப் பேரிங்கைச் சோதித்து, மழையும் உப்புக்காற்றும் அரித்த இறக்கை விளிம்புகளைச் செப்பனிட்டு மறுபடி நிமிர்த்திவிடுகிறார்கள்.