எக்ஸ்பெடிஷன் டிரக்குக்கு எந்த டயர்? எந்த ரிம்? வாங்குவதற்கு முன் எடை மேடைக்குப் போகச் சொல்வது ஏன்?

பணி முடிந்து ஏலத்துக்கு வந்த தீயணைப்பு லாரியை வாங்குகிறார்கள். பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கட்டில், சமையல் மேடை, கழிப்பறையோடு ஒரு குட்டி வீட்டை ஏற்றுகிறார்கள். பிறகு அதிலேயே மொராக்கோ, மங்கோலியா என்று மாதக்கணக்கில் கிளம்பிவிடுகிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் இது பல பத்தாண்டுகளாக இருக்கும் பழக்கம். இப்படி மாற்றிய வண்டிக்குத்தான் ‘எக்ஸ்பெடிஷன் டிரக்’ என்று பெயர்.

வண்டி கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, “எவ்வளவு பெரிய டயர் போடலாம்?” என்பதைத்தான். இடுப்புக்கு மேல் நிற்கும் டயர் போட்டால் வண்டி கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்தால் கியர், பிரேக், ஸ்டீயரிங், வண்டியின் உயரம், ஸ்டெப்னி மாட்டும் இடம் என்று ஒவ்வொன்றாகச் சிக்கல் வரும். முன் டயர் ஓட்டத்தில் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

பழைய டயரில் என்ன பிரச்னை?

சாதாரண லாரிகளைப் போலவே, இந்தத் தீயணைப்பு வண்டிகள் பலவற்றிலும் பின்பக்கம் இரட்டை டயர் இருக்கும். தார் ரோட்டில் அது நல்ல ஏற்பாடு. சுமையை நான்கு டயர்கள் பகிர்ந்துகொள்ளும், ஒன்று பஞ்சரானாலும் சமாளிக்கலாம். மணலில் கதையே வேறு. முன் டயர் அழுத்திப் போட்ட தடத்தில் பின் டயர் சரியாக உட்காராது. இரட்டை டயர்கள் தனியாக ஒரு அகலமான தடத்தை உழுதுகொண்டே வரும். அதற்கும் சேர்த்து இன்ஜின் திணற வேண்டும். கற்கள் நிறைந்த பாதையில் இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கினால், அது இரண்டின் பக்கச் சுவரையும் அரைத்துவிடும்.

அதனால் பின்பக்கம் இரண்டுக்குப் பதில் ஒரே அகல டயர் மாட்டுகிறார்கள். ‘சூப்பர் சிங்கிள்’ என்று இதைச் சொல்வார்கள். முன்னும் பின்னும் ஒரே டயர், ஒரே ரிம் என்பதால் ஒரு ஸ்டெப்னி எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் நான்கு டயர் சுமந்த எடையை இனி இரண்டு டயர்தான் சுமக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

முதலில் எடை மேடை

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண், ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. எழுத்து, அந்த எடையோடு போகக்கூடிய வேகம். உதாரணமாக ‘152 கே’ என்றால், 3,550 கிலோவைச் சுமந்துகொண்டு மணிக்கு 110 கிலோமீட்டர் வரை போகலாம். 143 என்றால் 2,725 கிலோ, 160 என்றால் 4,500 கிலோ. வேக எழுத்தில் ‘ஜி’ 90 கிலோமீட்டர், ‘ஜே’ 100 கிலோமீட்டர். சில டயர்களில் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தனி டயருக்கு, இரண்டாவது எண் இரட்டையாக மாட்டினால் ஒவ்வொன்றுக்கும். சூப்பர் சிங்கிள் போடுபவர்கள் முதல் எண்ணைப் பார்த்தால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீடு கட்டி முடித்த வண்டியின் பின் ஆக்சில் எடை 5,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 2,900 கிலோ. 143 எண் கொண்ட டயர் இங்கேயே அவுட். ஆனால் 2,900 என்பதும் காகிதக் கணக்குதான். தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சமையல் மேடை எல்லாம் ஒரே பக்கம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் 3,200 கிலோ இருக்கும். அதனால்தான் டீசல், தண்ணீர் முழுதாக நிரப்பி, சாமான்கள், ஆட்கள் எல்லாம் ஏற்றிய பிறகு, ஒவ்வொரு ஆக்சிலையும், முடிந்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை பார்க்க வேண்டும். வீடு இன்னும் கட்டி முடிக்கவில்லையா? அப்படியானால் டயர் ஆர்டரைத் தள்ளிப்போடுவதே நல்லது. கட்டுமானம் போட்ட கணக்கைவிடக் கூடுமே தவிர குறையாது.

எந்த அளவு?

ஐரோப்பாவில் இந்த வண்டிகளில் அடிக்கடி அடிபடும் அளவுகள் நான்கு. 385/65 ஆர் 22.5, 365/80 ஆர் 20, 395/85 ஆர் 20, 14.00 ஆர் 20.

முதலாவது சாதாரண டிரெய்லர் லாரி டயர். நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடையிலேயே கிடைக்கும். 160 கே குறியீட்டில் வருவதால் எடையைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டாவது, இந்த வேலைக்கென்றே பலர் தேடிப் போகும் அளவு. இரண்டின் மொத்த உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, 107 சென்டிமீட்டரும் 109 சென்டிமீட்டரும்தான். வித்தியாசம் பக்கச் சுவரில் இருக்கிறது. 385/65 டயரின் பக்கச் சுவர் 25 சென்டிமீட்டர், 365/80 டயருக்கு 29 சென்டிமீட்டர். காற்றைக் குறைத்தால் நசுங்கிக் கொடுப்பதும், கல் குத்தும்போது ரிம்மைக் காப்பாற்றுவதும் இந்தச் சுவர்தான். பாலைவனம்தான் திட்டம் என்றால் 365/80. பெரும்பாலும் ரோடு, அவ்வப்போது மண் பாதை என்றால் 385/65 போதும், செலவும் குறைவு. சொல்லப்போனால், பலருடைய பயணம் இரண்டாவது வகைதான்.

395/85 டயர் அமெரிக்க ராணுவத்தின் எஃப்எம்டிவி லாரிகளில் வருவது. சுமார் 118 சென்டிமீட்டர் உயரம். 14.00 ஆர் 20 இன்னும் பெரியது. மேன் நிறுவனத்தின் கேட் ராணுவ லாரிகளில் பார்க்கலாம். உயரம் ஏறக்குறைய 125 சென்டிமீட்டர், ரிம்மோடு சேர்த்தால் எடை 150 கிலோவைத் தாண்டும். பத்து, பன்னிரண்டு டன் வண்டிக்கு இது பொருத்தம். ஏழரை டன் வண்டியில் ஐந்து சக்கரமும் இப்படி என்றால், சாமான் ஏற்றும் எடையில் ஒரு பங்கை டயரே சாப்பிட்டுவிடும். ஜெர்மனியில் ‘சி1’ உரிமம் வைத்திருப்பவர்கள் 7.5 டன் வரைதான் ஓட்டலாம் என்பதால் அங்கே ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் கணக்கு உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. 102 சென்டிமீட்டர் உயர 9.00 ஆர் 20 டயரைக் கழற்றி, 109 சென்டிமீட்டர் டயர் போட்டால் எல்லா கியரும் ஏறக்குறைய 7 சதவீதம் நீண்டுவிடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-ல் போகும். தீயணைப்பு வண்டிகள் பலவும் குறைந்த வேகத்துக்கு ஏற்ற கியரோடு வருவதால், இந்த 7 சதவீதம் அவற்றுக்கு லாபம்தான். அதே வண்டியில் 125 சென்டிமீட்டர் டயர் போட்டால் வித்தியாசம் 22, 23 சதவீதம் ஆகிவிடும். மலை ஏற்றத்தில் முதல் கியரும் போதாமல் போகும், பிரேக்கின் பிடியும் குறையும். வண்டி 11 சென்டிமீட்டர் உயரும் என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பாவில் பொதுவான உயர வரம்பு 4 மீட்டர்.

ரிம்: கவனம் பிசகினால் உயிர் போகும் இடம்

பழைய 20 அங்குல லாரி ரிம்கள் பல துண்டுகளாக இருக்கும். ரிம், பக்க வளையம், அதைப் பூட்டும் லாக் ரிங். நம்ம ஊர் லாரி பஞ்சர் கடைகளில் சுத்தியலால் தட்டி மாட்டுவார்களே, அதே வளையம்தான். டியூப் போட்ட இந்த வகைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நடுக்காட்டில் இரண்டு கடப்பாரையும் ஒரு சுத்தியலும் இருந்தால் கழற்றி ஒட்டிவிடலாம். சஹாரா பழக்கம் உள்ள பழைய ஆட்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆபத்தும் அதே வளையத்தில்தான் இருக்கிறது. துருப்பிடித்த வளையம், வேறு ரிம்மிலிருந்து எடுத்து மாட்டிய வளையம், சரியாக உட்காத வளையம் என எதுவாக இருந்தாலும், காற்று ஏறும்போது பீரங்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளின்படி, இந்த ரிம்களுக்கு இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும். கூண்டு இல்லாத இடத்தில் சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, வளையத்துக்கு நேராக நிற்காமல், நீளமான ஹோஸ் வைத்துத் தள்ளி நின்று காற்று அடிப்பதுதான் குறைந்தபட்சப் பாதுகாப்பு.

டியூப் இல்லாத ஒற்றைத் துண்டு ரிம்மில் வளையம் தெறிக்கும் பயம் இல்லை. பஞ்சரானால் டயரைக் கழற்றாமலேயே வெளியிலிருந்து ரப்பர் திரி செருகிவிடலாம். ஆனால் காற்றை ரொம்பக் குறைத்து மணலில் வண்டியைத் திருப்பினால், டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும். திரும்ப உட்கார வைக்க ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். மூன்றாவது வழி, இரண்டு பாதியை போல்ட்டால் இணைத்து, உள்ளே டயர் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் ராணுவ வகை ரிம். நழுவாது. விலையும் எடையும்தான் மலைக்க வைக்கும்.

எந்த ரிம்மானாலும் போல்ட் வட்டம் பொருந்த வேண்டும். ஐரோப்பிய நடுத்தர லாரிகளில் 8 போல்ட், 275 மில்லிமீட்டர் வட்டம். பெரிய லாரிகளில் 10 போல்ட், 335 மில்லிமீட்டர். அது பொருந்தினால் மட்டும் போதாது, ‘ஆஃப்செட்’ என்கிற உள்வாங்கும் அளவும் சரியாக இருக்க வேண்டும். இரட்டை டயருக்கான ரிம் ஆழமாகக் குழிந்திருக்கும். அதிலேயே அகல டயரைப் போட்டால் ஒன்று ஸ்பிரிங்கில் உரசும், இல்லையென்றால் வெளியே நீட்டிக்கொண்டு வீல் பேரிங்கைத் தின்னும். முன் தடமும் பின் தடமும் ஒன்றாக விழும் அளவுக்குச் சரியான ஆஃப்செட்டில் புது ரிம் செய்து வாங்குவதே வழக்கம். பழைய நட்டு புது ரிம்முக்குப் பொருந்துமா என்றும் கேட்டுவிட வேண்டும். கூம்பு வடிவ நட்டும் தட்டை நட்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. புது சக்கரம் மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

காற்றைக் குறைத்தால் என்ன நடக்கிறது?

மணலில் வண்டியைக் காப்பாற்றுவது பட்டன் இல்லை, காற்றழுத்தம். 2,900 கிலோ சுமக்கும் டயரில் 87 பிஎஸ்ஐ காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 480 சதுர சென்டிமீட்டர். அதை 29 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால் 1,450 ஆகிறது. டயரின் விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்கும் என்பதால் இது துல்லியமான எண் இல்லை. ஆனால் மூன்று மடங்கு பரப்பு என்றால் என்ன என்று புரிந்துவிடும். டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் படியும், தொட்டி டாங்கியின் செயின் மாதிரி.

விலை என்னவென்றால், சூடு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. மணலில் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் தாங்கும். அப்படியே தார் ரோட்டில் ஏறி 80-ல் விரட்டினால் உள்ளே அடுக்குகள் பிரிந்து வெடிக்கும். எந்தச் சுமைக்கு, எந்த வேகத்தில், எவ்வளவு காற்று என்று டயர் நிறுவனங்கள் அட்டவணை வைத்திருக்கின்றன. வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்கி டாஷ்போர்டில் ஒட்டிவைக்கலாம். லாரியில் ஏர் பிரேக்குக்கான கம்ப்ரசர் ஏற்கெனவே இருப்பதால், திரும்பக் காற்று அடிக்கத் தனிக் கருவி தேவையில்லை. பொறுமைதான் தேவை. எஃப்எம்டிவி மாதிரி சில ராணுவ லாரிகளில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காற்றைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு உண்டு.

‘புதுசு மாதிரி’ டயர் ஜாக்கிரதை

ராணுவக் கிடங்கிலிருந்து வரும் டயர்களில் பட்டன் தேயாமல் இருக்கும், விலையும் பாதிதான். பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். ‘2309’ என்றால் 2009-ம் ஆண்டின் 23-வது வாரம். தேயாத டயருக்கும் ரப்பர் முதுமை உண்டு. பத்து ஆண்டுகளைத் தாண்டிய டயர் முன் ஆக்சிலுக்கு வேண்டவே வேண்டாம்.

பட்டன் எவ்வளவு முரடோ, தார் ரோட்டில் சத்தமும் அவ்வளவு, மழையில் பிரேக் பிடிப்பதும் அவ்வளவு சுமார். சேற்றுக்கு முரட்டுப் பட்டன் நல்லது. மணலில் அதுவே குழி தோண்டும். ஜெர்மனியில் குளிர்கால டயர் என்று ஏற்க, மலையும் பனித்துகளும் கொண்ட சின்னம் டயரில் இருக்க வேண்டும். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற பழைய குறி மட்டும் இருந்தால் 2024 அக்டோபர் முதல் செல்லாது.

இந்தியாவில் செய்யலாமா?

இந்தியாவில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனத்தின் மூல வடிவமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019 திருத்தத்தில் இடம் இருக்கிறது. அதனால் இரட்டை டயரை எடுத்துவிட்டு அகல டயர் போட நினைப்பவர் டயர் கடைக்கு முன் ஆர்டிஓ அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ஜெர்மனியிலும் இது இஷ்டத்துக்குச் செய்யும் வேலை இல்லை. டயர் அளவு மாறினால் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளர் பார்த்து, வண்டியின் ஆவணத்தில் பதிய வேண்டும்.

2025-க்கு முன்பு அங்கிருந்து ஈரான், பாகிஸ்தான் வழியாக வாகா எல்லை தாண்டி இந்தியா வந்த எக்ஸ்பெடிஷன் டிரக்குகளும் உண்டு. இங்கே லாரிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 10.00 ஆர் 20, 295/90 ஆர் 20 போன்ற அளவுகள். 365/80 டயரைக் கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். அதனால் அந்த அளவோடு வந்தவர்கள் ஒன்றுக்கு இரண்டு ஸ்டெப்னியோடு வந்தார்கள். ஒவ்வொன்றையும் பின்புறத்திலிருந்து இறக்க ஒரு சின்ன கை வின்ச்சும் வண்டியிலேயே இருந்தது.