உதிர்ந்ததா, பிடுங்கியதா?

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உச்சந்தலையில் சொட்டை விழுந்தால் நம் வீடுகளில் நடப்பது இதுதான். யாராவது ‘புழுவெட்டு’ என்பார்கள். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்ப்பார்கள். பிறகு மொட்டை. அதற்குப் பிறகு விளம்பர எண்ணெய், கடைசியில் முன்பணம் கேட்கும் தனியார் முடி சிகிச்சை நிலையம். இத்தனை மாதங்களிலும் அந்தப் பிள்ளையின் கை எங்கே போகிறது என்று ஒருவரும் கவனிப்பதில்லை.

சொட்டையைத் தடவிப் பாருங்கள். புழுவெட்டு வழவழவென்று, பெரும்பாலும் வட்டமாக இருக்கும். தானே பிடுங்கியதென்றால் குட்டையும் நெட்டையுமாக உடைந்த முடிகள் விரலில் குத்தும். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய மன அதிர்ச்சி இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொத்துக் கொத்தாக உதிர்வது வேறு. காரணம் விலகினால் அது பெரும்பாலும் ஆறு மாதத்தில் அடங்கிவிடும்.

பிடுங்கும் பழக்கம் திமிர் அல்ல. பதற்றம் ஏறும்போதும், சும்மா புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போதும் கை தானாகத் தலைக்குப் போகிறது. பிடுங்கியதும் கொஞ்சம் நிம்மதி. அடித்தால் பிள்ளை குளியலறைக்குள் போய்ப் பிடுங்கும். அடிக்காதீர்கள்.

பிடுங்கியதை விழுங்கும் பிள்ளைகளும் உண்டு. முடி செரிக்காது. இரைப்பையில் பெரிய கட்டியாகத் திரண்டுவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும். சொட்டையோடு வயிற்றுவலி, வாந்தி, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்புவது என்று எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ‘முடியை விழுங்குகிறாள்’ என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ காலையிலேயே ஓ.பி. சீட்டு போடுங்கள். முதலில் தோல் பிரிவு. புழுவெட்டா, பூஞ்சைப் படையா என்று அங்கே பார்த்துவிடுவார்கள். பிடுங்கும் பழக்கம் என்று தெரிந்த பிறகும் ஒரு களிம்பை எழுதிக் கொடுத்து அடுத்த சீட்டைக் கூப்பிடும் அவசரம் பல இடங்களில் இருக்கிறது. எழுந்து வந்துவிடாதீர்கள். ‘மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டு, அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இதில் கெஞ்ச ஒன்றுமில்லை. அரசு நடத்தும் மனநல சிகிச்சையைப் பெறுவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு எல்லோருக்கும் தந்திருக்கும் உரிமை. ‘பதிவாகிவிடும், நாளைக்குக் கல்யாணம் தட்டிப்போகும்’ என்று பயந்து வாசலோடு திரும்புகிறவர்கள் 23-ஆவது பிரிவையும் தெரிந்துகொள்ளட்டும்: சட்டம் குறிப்பிடும் சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது.

போகும் முன் ஒரு வாரம் நோட்டில் குறித்துவையுங்கள்: எந்த நேரம், எந்த இடம், அப்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது. பழக்கத்தை மாற்றும் பயிற்சிக்கு அந்த நோட்டுதான் அடிப்படை. கை எழும்போதே முஷ்டியை இறுக்கிப் பிடிப்பது போன்ற மாற்று அசைவுகளைக் கற்றுக் கொடுப்பார்கள். சில வாரங்கள் பிடிக்கும். ஒரு தடவை போய்விட்டு நிறுத்தாதீர்கள். மருத்துவமனை தூரம் என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவை அது. கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

இதற்குள் முடி சிகிச்சை நிலையத்தில் பணத்தைக் கொட்டியிருந்தால்? வழுக்கையைக் குணமாக்கும், புது முடி முளைக்க வைக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை. விளம்பரம், ரசீது, கையெழுத்திட்ட தாள், பணம் போன வங்கிக் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி, ஆணையம் அதை ஏற்றால்தான் உண்டு.